கடலில் ஒரு மேடு

ஐப்பசி பிறந்தால் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளில் கவலையும் பிறக்கும். அடைமழையில் குழித்தறிக்குள் நீர் ஊறும். ஈரக்காற்றில் பட்டுப் பாவு காயாது. தறி நின்றால் கூலியும் நின்றது.

புயல்களுக்கு வங்கக்கடலின் வெப்பம்தான் தீனி. வெந்நீர் ஆழம்வரை தேங்கிச் சுழலும் இடங்களில் கடல் மட்டம் சில அங்குலம் உயர்ந்திருக்கும். அதன் மேல் வரும் புயல் இன்னும் வலுக்கலாம்.

அந்த மேடு பல கிலோமீட்டர் பரந்து கிடப்பதால் படகில் போகிறவருக்குத் தெரியாது. செயற்கைக்கோளுக்குத் தெரியும். இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கிய ‘சரள்’ 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. சுமார் 800 கி.மீ. உயரத்திலிருந்து ரேடார் அலையைக் கடலுக்கு அனுப்பி, அது திரும்பும் நேரத்தை அளந்தது. போய்வர ஒரு நொடியில் சுமார் இருநூறில் ஒரு பங்குதான்! அதிலேயே சில சென்டிமீட்டர் ஏற்ற இறக்கமும் பிடிபட்டது. மேட்டின் சரிவை வைத்து நீரோட்டத்தின் வேகத்தையும் திசையையும் கணக்கிடலாம்.

இத்தகைய அளவீடுகளைக் கொண்டு, கடலில் எங்கே எவ்வளவு வெப்பம் சேர்ந்திருக்கிறது என்று ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கணித்துச் சொல்கிறது.

கடலின் மேடு முன்கூட்டியே தெரிந்தால், பட்டையும் ஜரிகையையும் வீட்டின் மேட்டில் ஏற்றி வைக்க ஒரு நாள் கிடைக்கும்.