ஆளுக்கொரு பத்தி



மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்து நாம் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்த வேளையில், மூன்று குடும்பத்தார் ஒன்றாக வந்து வாசலில் நின்றனர். முகங்களில் புன்னகை இல்லை. அவர்களுள் ஒரு தந்தை பேசினார்: “சாமி, எங்கள் மகள் பாடத்தை முழுவதும் படித்துவிட்டுத்தான் மறைக்கல்விக்கு வருகிறாள். தமிழே சரியாக வராத ஒரு பையன் அவளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறீர்களாம். அவள் அவனிடமிருந்து என்ன கற்றுக்கொள்ளப் போகிறாள்?”

நியாயமான கேள்வி. உறுதிபூசுதலுக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்யும் ஆண்டில் பெற்றோர் இப்படிக் கேட்காவிட்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும். வாசலில் நின்றபடி சொல்லத்தக்க பதில் அன்று எம்மிடம் இல்லை. இவ்விதழில் எழுதுவதாக வாக்களித்தோம். அவ்வாக்கை இப்போது நிறைவேற்றுகிறோம்.

அந்த ஏற்பாடு எமது கற்பனையில் உதித்ததன்று. அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் அது பிறந்தது. வெள்ளையர் பிள்ளைகளுக்கும் கறுப்பினத்தார் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளிகள் வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் தீர்ப்பு நீதிமன்றத்திலிருந்து வகுப்பறைக்கு நடந்து வரப் பல ஆண்டுகள் பிடித்தன. 1971இல் ஆஸ்டின் பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பினத்தார், மெக்சிக்க வம்சத்தார் ஆகிய மூவர் பிள்ளைகளும் முதன்முறையாக ஒரே அறையில் அமர்ந்தனர். ஒருவரையொருவர் அறியாத பிள்ளைகள். வீட்டில் கேட்ட பேச்சுகளை நெஞ்சில் சுமந்து வந்தவர்கள். சில வாரங்களிலேயே சச்சரவு முற்றிக் கைகலப்பாயிற்று. பள்ளி நிருவாகத்தார் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராயிருந்த எலியட் ஆரன்சனை உதவிக்கு அழைத்தனர்.

அவர் அறிவுரை கூறவில்லை. சண்டையிட்டவர்களைத் தண்டிக்கவும் சொல்லவில்லை. தம் மாணவர்களோடு வகுப்பறையின் பின்புறம் அமர்ந்து கவனித்தார். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். ஆறேழு கைகள் உயர்கின்றன. ஒருவனை எழுப்பியதும் மற்றவர்கள் ஏமாற்றத்தோடு பெருமூச்சு விடுகிறார்கள். எழுந்தவன் தவறாகச் சொன்னால் அவர்களுக்கு மகிழ்ச்சி. பதில் அறியாதவர்களோ, ஆசிரியரின் கண்ணில் பட்டுவிடாதபடி தலையைக் கவிழ்த்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளைப் பகைவராக்குவதற்குத் தோலின் நிறம் மட்டும் காரணமன்று, பாடம் நடக்கும் முறையே அவர்களை ஒருவர்க்கொருவர் எதிராக நிறுத்துகிறது என்பதைப் பேராசிரியர் கண்டுகொண்டார்.

ஆகவே முறையை மாற்றினார். ஆறு பேர் கொண்ட சிறு குழுக்கள். ஒவ்வொன்றிலும் எல்லா இனத்துப் பிள்ளைகளும் இருப்பர். ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை ஆறு பத்திகளாக வெட்டி, ஆளுக்கு ஒரு பத்தியை மட்டும் கொடுத்தார். முழுப் பாடமும் எவர் கையிலும் இல்லை. ஒவ்வொருவரும் தம் பத்தியைக் குழுவுக்கு எடுத்துரைக்க வேண்டும்; பின்னர் முழுப் பாடத்திலும் தேர்வு உண்டு. அட்டைத் துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் ஜிக்சா என்னும் விளையாட்டின் பெயரே இம்முறைக்கு வழங்கலாயிற்று.

முதல் நாளில் நடந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். ஒரு குழுவில் மெக்சிக்கக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன். ஆங்கிலம் அவனுக்கு இரண்டாம் மொழி. எழுந்தால் தடுமாறுவான், மற்றவர் நகைப்பர். இது தெரிந்த ஆசிரியர் நெடுநாளாக அவனைக் கேள்வியே கேட்பதில்லை. அவனும் அதில் ஒருவகை நிம்மதி கண்டிருந்தான். இப்போது தப்ப வழியில்லை. தன் பத்தியைச் சொல்லத் திணறினான். பிள்ளைகள் கேலி செய்தனர். உடனிருந்த உதவியாளர் கடிந்துகொள்ளவில்லை. தேர்வு விரைவில் வருகிறது, இவனிடம் உள்ள பகுதி வேறெங்கும் கிடைக்காது என்று மட்டும் நினைவூட்டினார். சில நாள்களில் பிள்ளைகள் ஒரு கலையைக் கற்றுக்கொண்டனர். கேலியை விட்டு, அவன் வாயிலிருந்து செய்தி வெளிவரத்தக்க கேள்விகளைக் கேட்கலாயினர். அவனும் பேசலானான். நாம் மூடன் என்று எண்ணியிருந்தவன் மூடனல்லன் என்பது அவர்களுக்கே தெரியவந்தது.

ஆய்வில் கண்டது இது: இம்முறையில் பயின்ற சிறுபான்மைப் பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்தது; வெள்ளையர் பிள்ளைகளின் தேர்ச்சி சற்றும் குறையவில்லை. எம்மிடம் வந்த தந்தை இவ்வாக்கியத்தை இருமுறை வாசிப்பாராக.

இனி எமது பங்குக்கு வருவோம். நூற்பாலைகள் நிறைந்த இவ்வூருக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்து, ஆலைக் குடியிருப்பில் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களை நீங்கள் அறிவீர்கள். அவர்களுடைய விசுவாசம் நேற்று முளைத்ததன்று. 1885இல் சோட்டா நாகபுரிக்கு வந்து, பழங்குடி மக்களின் நிலவுரிமைக்காக வழக்குகளில் துணை நின்ற பெல்ஜிய இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸின் பணியில் தழைத்த திருச்சபை அது. நாமோ அவர்களுக்குக் கோவிலின் கடைசி வரிசையைத் தந்தோம். மறைக்கல்வியில் அவர்களுடைய ஆறு பிள்ளைகளும் சுவரோரம் அமர்ந்திருந்தனர். சத்தம் போடாத நல்ல பிள்ளைகள் என்று நாம் பாராட்டியதும் உண்டு. எமது அறியாமைக்கு அதுவே சான்று.

அவர்களுள் ஒருவன், பதின்மூன்று வயதினன், மறைக்கல்வி ஆசிரியையிடம் ஒருநாள், “அக்கா, நீ திரும்பச் சொல்லு” என்றான். வகுப்பே சிரித்தது. ஆசிரியை அதை அவமதிப்பாகக் கொண்டு எம்மிடம் அனுப்பினார். பெரியவர்களிடம் பேசும் முறை தெரியாதா என்று நாமும் அவனைக் கண்டித்தோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த தலையைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டோம்.

இது நடந்த பின்னர்தான் புதிய முறை தொடங்கியது. முப்பது பிள்ளைகள், ஐவர் கொண்ட ஆறு குழுக்கள், குழுவுக்கு ஆலைக் குடியிருப்புப் பிள்ளை ஒருவர். பாடம், திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தின் முதல் பகுதி. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று எழுந்த முறையீடு ஒரு பத்தி; பன்னிருவர் சீடர்களைக் கூட்டிச் சொன்னது ஒரு பத்தி; எழுவர் தேர்வு, கைகளை வைத்து மன்றாடியது, இறைவார்த்தை பரவியது என மற்றவை. ஒரே பத்தியைப் பெற்றவர்கள் முதலில் தனியே கூடி ஒத்திகை பார்த்துக்கொள்வர். மொழியில் தடுமாறுகிறவர்களுக்கு இந்த ஒத்திகை பெருந்துணை.

முதல் ஞாயிறு படுதோல்வி. இரைச்சலில் எமது தலை வலித்தது. பெற்றோர் மூவர் வந்ததும் அன்றுதான். ஒரு பாடத்துக்கு மூன்று ஞாயிறுகள் சென்றன. இன்றுவரை ஒரு குழு ஒட்டவேயில்லை. அதிலுள்ள ஒருவன் வகுப்புக்கே வருவதை நிறுத்திவிட்டான். இதையும் மறைக்காமல் சொல்லவேண்டியது எமது கடமை.

மேற்சொன்ன சிறுவனுக்கு முதல் பத்தி வந்தது. அவனுடைய குழுவில்தான் அத்தந்தையின் மகள் இருந்தாள். இரண்டாம் ஞாயிறு நாம் அருகே நின்று கேட்டோம். பையன் திக்கித் திக்கிப் பேசினான். “பந்தியில் கவனிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? சோறு இல்லையா, கொடுக்கவில்லையா?” என்று அச்சிறுமி வினவினாள். அவன் சிறிது நேரம் யோசித்து, 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது தன் தாய் அரிசிக்காக வரிசையில் நின்ற கதையைச் சொன்னான். அரிசி இருந்தது, கொடுக்கிறவர்களும் நல்லவர்கள். ஆனால் சீட்டு முதலில் வாங்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தனர். அவளுக்குப் புரியவில்லை. முறை வந்தபோது சீட்டு இல்லை, திரும்பிவிட்டாள். “யாரும் துரத்தவில்லை. மொழி தெரியாது, அவ்வளவுதான்” என்றான்.

நாம் குருமடத்தில் அவ்வதிகாரத்துக்கு விரிவுரை கேட்டிருக்கிறோம். பலமுறை மறையுரையும் ஆற்றியிருக்கிறோம். அந்தக் கைம்பெண்களை அன்றுதான் கண்டோம்.

அதே குழுவில் வேறொன்றும் வெளிப்பட்டது. நீ, வா, போ என்று ஏன் பேசுகிறாய் என்று ஒருவன் கேட்டான். சிறுவன் வியப்போடு விடையளித்தான்: “இங்கே எல்லாரும் என்னிடமும் அப்பாவிடமும் அப்படித்தானே பேசுகிறார்கள்? தமிழ் அப்படித்தான் என்று நினைத்தேன்.” வீட்டில் சாத்ரி மொழி பேசும் அவன் தமிழை எமது வாயிலிருந்துதான் கற்றான். அவனுடைய தந்தையை ஒருவரும் ‘நீங்கள்’ என்று அழைத்து அவன் கேட்டதில்லை. கண்டிக்கப்பட வேண்டியவர் யார் என்பது எமக்கு விளங்கிற்று. அன்று மாலை குடியிருப்புக்குச் சென்று, அவனிடமும் அவன் தந்தையிடமும் மன்னிப்புக் கேட்டோம். அவர் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

எமக்குக் குருமடத்தில் மறையுரைப் பயிற்சி உண்டு. சக மாணவர்முன் ஏறி நின்று பேசுவோம். குரலுக்கும் கையசைவுக்கும் பேராசிரியர் மதிப்பெண் இடுவார். கேட்டவர்களுக்கு என்ன விளங்கிற்று என்று ஒருநாளும் எவரும் வினவியதில்லை. ஆஸ்டின் பிள்ளைகள் பத்திகளைப் பங்கிட்ட அதே 1971ஆம் ஆண்டில், சமூகத் தொடர்பைப் பற்றித் திருச்சபை வெளியிட்ட ‘கொம்முனியோ எத் புரோகிரேசியோ’ என்னும் போதனை, தொடர்பு என்பது கருத்தை வெளியிடுவதோடு முடிவதில்லை, ஆழத்தில் அது அன்பினால் தன்னையே அளிப்பது என உரைக்கிறது. நாம் அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். முழு மதிப்பெண்ணும் பெற்றோம்.

மேலும் ஒரு செய்தி. திருத்தூதர் காலத்தில் அம்முறையீடு எழுந்தபோது தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களைப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர், தீமோன் என ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்த மொழியாருக்குக் குறை நேர்ந்ததோ அம்மொழியின் பெயர் தாங்கியவர்களிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. எமது பங்குப் பேரவையில் ஆலைக் குடியிருப்பார் ஒருவரும் இல்லை. அடுத்த கூட்டத்தில் இது பேச்சுக்கு வரும்.

மதிப்பெண்ணைப் பற்றிய அச்சத்துக்கும் பதில் உண்டு. தேர்வு தனித்தனியே நடக்கிறது. ஒருவருடைய குறை மற்றவர் கணக்கில் ஏறாது. அச்சிறுமி பத்துக்கு ஒன்பது பெற்றாள். அவள் விட்ட ஒன்று அவளுடைய சொந்தப் பத்தியிலிருந்தே வந்தது.

அடுத்த பாடம் 15ஆம் அதிகாரம், எருசலேம் சங்கம். பத்திகளைப் பிரித்தாயிற்று. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அம்மூன்று குடும்பத்தாரும் வந்து பின்னால் அமரலாம். பெற்றோருக்குக் கேள்வி கேட்க அனுமதி உண்டு. பதில் சொல்ல இல்லை.