ரெயில் போன பாதையில் சைக்கிள் போகட்டும்!

தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரெயில் வந்தது.

இதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. "இந்த ஊருக்கா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், இந்த ஊருக்குத்தான். 1926-ம் ஆண்டு தொடங்கிய ரெயில் அது. மாயவரத்தில் புறப்படும். மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று நின்று நின்று வரும். கடைசியில் கடற்காற்று முகத்தில் அடிக்கும். அதுதான் தரங்கம்பாடி. மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர் தூரம்.

1986-ம் ஆண்டு அந்த ரெயில் நின்றது. பிறகு தண்டவாளமும் போயிற்று. மாயவரம் என்ற பெயரே மயிலாடுதுறை என்று மாறிவிட்டது. மிச்சம் இருப்பது ரெயில் ஓடிய மண் மேடு. அதிலும் பல இடங்களில் கருவேல முள் மண்டிக் கிடக்கிறது.

அந்த மண் மேட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

டீக்கடையில் கேட்டது

சென்ற மாதம் நான் தரங்கம்பாடிக்குப் போயிருந்தேன். கோட்டையைப் பார்த்தேன். கடலைப் பார்த்தேன். பிறகு ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு பொறையாறு பக்கம் கிளம்பினேன்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் வயிற்றைக் கலக்கியது. பின்னால் லாரி. முன்னால் பஸ். பக்கத்தில் கார். ஒவ்வொரு வண்டியும் கடந்து போகும்போது சைக்கிள் ஆடியது. நானோ முப்பது வயதைத் தாண்டியவன். எனக்கே இந்தப் பயம் என்றால், புத்தகப் பையோடு போகும் பிள்ளைகளின் கதி என்ன?

ஒரு டீக்கடையில் இறங்கி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு விவசாயி இருந்தார். அவருடைய மகள் பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள்.

"பாப்பா சைக்கிளில்தான் போகிறாளா, ஐயா?" என்று கேட்டேன்.

"இல்லை தம்பி. வீட்டில் நிற்கிறது. சைக்கிள் கொடுத்துவிட்டார்கள். அதை ஓட்ட ஒரு ரோடு யாரும் கொடுக்கவில்லையே! இந்த ரோட்டில் அனுப்பிவிட்டு, அவள் திரும்பி வருகிற வரைக்கும் அவள் அம்மா வாசலிலேயே நிற்கிறாள். அதனால் பஸ்சில் அனுப்புகிறோம். பஸ்சை விட்டுவிட்டால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை."

அவர் சொன்னது என் மனதில் தைத்தது.

தமிழ்நாட்டில் 2001-ம் ஆண்டு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று இலவச சைக்கிள் திட்டம் தொடங்கியது. பிறகு அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பில் படிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் அது விரிந்தது. நல்ல திட்டம். ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. சைக்கிள் வந்தது, பாதை வரவில்லை.

புதுக்கோட்டைப் பெண்கள்

சைக்கிள் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் மாலை நேரத்தில் கூடி எழுத்துக் கற்றார்கள். அப்போது அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொள்ள அவர் பெண்களுக்கு ஊக்கம் கொடுத்தார்.

ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். வயலுக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், கிராம நர்சுகள் என்று எல்லாரும் பழகினார்கள். முதலில் ஊரார் கேலி செய்தார்கள். பிறகு கேலி அடங்கியது. தண்ணீர்க் குடத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்கள். பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பஸ்சுக்கும் வேண்டாம், வீட்டு ஆண்களுக்கும் வேண்டாம், யாருக்காகவும் காத்து நிற்காமல் புறப்பட்டார்கள்.

பயம் இல்லாத பாதை இருந்தால், தரங்கம்பாடிப் பக்கத்துப் பெண்களும் அப்படிப் புறப்படுவார்கள்.

அதே 1986

இப்போது கொஞ்சம் தூரம் போய் வருவோம். அமெரிக்காவில் மிசௌரி என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதே பெயரில் அங்கே ஒரு பெரிய ஆறும் ஓடுகிறது. அந்த ஆற்றங்கரையை ஒட்டி ஒரு ரெயில் ஓடியது. ஜனங்கள் அதைச் செல்லமாக "கேட்டி" என்று அழைத்தார்கள்.

1986-ம் ஆண்டு ஆற்றில் வெள்ளம் வந்தது. பாதை கெட்டது. கம்பெனி ரெயிலை நிறுத்திவிட்டது. ஆண்டைப் பாருங்கள்! நம் தரங்கம்பாடி ரெயில் நின்ற அதே 1986-தான்.

அங்கே என்ன செய்தார்கள்? அந்தப் பாதையை முள்ளுக்கு விடவில்லை. சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பொடியாக்கிப் பரப்பினார்கள். தண்ணீர் தெளித்து உருளை போட்டு இறுக்கினார்கள். 1990-ல் முதல் பகுதி திறந்தது. இன்று அதன் நீளம் சுமார் 385 கிலோமீட்டர். கார் கிடையாது. லாரி கிடையாது. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டுமே பெரும்பாலும் போகிறார்கள். ஒரு பக்கம் ஆறு. மறு பக்கம் குன்று. சில ஊர்களில் குன்றின் மேலே திராட்சைத் தோட்டம். ரெயில் நின்றதால் களை இழந்திருந்த சின்ன ஊர்களில் இன்று சாப்பாட்டுக் கடையும், தங்கும் விடுதியும், சைக்கிள் வாடகைக் கடையும் நடக்கின்றன.

எதிர்ப்பே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பக்கத்து நிலக்காரர்கள் எதிர்த்தார்கள். வழக்குப் போட்டார்கள். ஆனாலும் பாதை வந்தது.

நம்மிடம் திராட்சைத் தோட்டம் இல்லை. அதனால் என்ன? நெல் வயல் இருக்கிறது. ஆடியில் நாற்றுப் பச்சை, தையில் கதிரின் பொன் நிறம். நடுவே வாய்க்கால், தென்னை, பனை, கொக்கு. திருக்கடையூரில் அபிராமி கோவில். கொஞ்சம் விலகினால் தில்லையாடி. வள்ளியம்மையின் நினைவு மண்டபம் அங்கே இருக்கிறது. கடைசியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை. முப்பது கிலோமீட்டரில் இத்தனையும் வேறு எங்கே கிடைக்கும்?

ரெயில் வேண்டாமா?

இங்கேதான் ஒரு கேள்வி எழும். "எங்களுக்கு ரெயில்தான் வேண்டும். சைக்கிளைக் காட்டி ஏமாற்றப் பார்க்கிறீர்களா?"

கேள்வி நியாயமானது. தரங்கம்பாடி ரெயிலை மீண்டும் விட வேண்டும் என்று இந்தப் பகுதி ஜனங்கள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கையை நானும் ஆதரிக்கிறேன். ரெயில் வந்தால் கிழவிகளும் நோயாளிகளும் வியாபாரிகளும் பிழைப்பார்கள். சைக்கிள் அதற்கு ஈடு ஆகாது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். ரெயில் வர வேண்டுமானால் முதலில் நிலம் இருக்க வேண்டும். யாரும் நடக்காத நிலத்தில் முள் முளைக்கும். முள்ளுக்குப் பின்னால் வேலி வரும். வேலிக்குப் பின்னால் கட்டடம் வரும். கடைசியில் ரெயில்வே அதிகாரி வந்து, "பாதைக்கு இடம் எங்கே?" என்று கேட்பார்.

அமெரிக்காவில் 1983-ம் ஆண்டு இதற்கு ஒரு சட்டத் திருத்தம் செய்தார்கள். ரெயில் நின்ற பாதையைத் துண்டு துண்டாக விற்றுவிடாமல், பின்னால் ரெயில் ஓடுவதற்காக முழுசாகக் காப்பாற்றி வைக்கலாம். அதுவரை ஜனங்கள் அதில் நடக்கலாம், சைக்கிள் விடலாம். கேட்டி பாதை அந்த ஏற்பாட்டில்தான் பிழைத்தது.

ஆகவே சைக்கிள் பாதை ரெயிலுக்கு எதிரி அல்ல. ரெயில் நிலத்துக்கு அது காவல்காரன். தினமும் நூறு பேர் போகிற பாதையில் யாரும் சுவர் எழுப்ப முடியாது.

என்ன செய்ய வேண்டும்?

பெரிய செலவு வேண்டாம். தார் வேண்டாம். கிராவலும் கல் பொடியும் போட்டு இறுக்கினால் போதும். பாதையின் நடுவைச் சற்று உயர்த்திவிட வேண்டும். அப்போதுதான் மழைத் தண்ணீர் இரண்டு பக்கமும் வடியும். ரெயிலுக்காகப் போட்ட மேடு ஆதலால் செங்குத்தான ஏற்றம் எங்கும் இராது. வயதானவர்கள்கூட மிதிக்கலாம். நிதானமாகப் போனாலும் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு இரண்டரை மணி நேரம் போதும்.

வாய்க்கால் வரும் இடங்களில் சின்னப் பாலங்களைச் சோதித்துப் பழுது பார்க்க வேண்டும். ரோட்டைக் கடக்கும் இடங்களில் வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். ஒவ்வொரு முனையிலும் கல் தூண் நட வேண்டும். கார் நுழைய முடியாது. சைக்கிளும், மாற்றுத் திறனாளியின் மூன்று சக்கர வண்டியும் நுழையும்.

மோட்டார் சைக்கிளைத் தூண் தடுக்காது. அதை ஊர்தான் தடுக்க வேண்டும். முதலில் பள்ளிக்கூட நேரத்திலாவது கட்டுப்பாடு வைக்கலாம். அறுவடைக் காலத்தில் வயலுக்கு இயந்திரம் குறுக்கே போக இடம் விட வேண்டும். விவசாயிக்கு இடைஞ்சலாகிற பாதை நிலைக்காது.

பாதை நெடுகிலும் புங்கமும் நாவலும் நடலாம். நம் வெயிலில் நிழல் இல்லாத சைக்கிள் பாதை வெறும் படத்துக்குத்தான் ஆகும்.

இன்னொன்று முக்கியம். வேறு போக்கிடம் இல்லாமல் அந்த மேட்டில் குடிசை போட்ட ஏழைகள் இருந்தால், சைக்கிளைக் காரணம் காட்டி அவர்களைத் துரத்தக் கூடாது. அந்த இடத்தில் பாதை வளைந்து போகட்டும். சைக்கிளுக்கு வளைவு கஷ்டமில்லை.

நிலம் ரெயில்வேயின் கையில் இருக்கிறது. ஆகவே ரெயில்வேயும் மாநில அரசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். "ரெயில் வரும் நாளில் நிலத்தைத் திருப்பித் தருகிறோம்" என்று மாநிலம் எழுதிக் கொடுக்கட்டும். முப்பது கிலோமீட்டரையும் ஒரே நாளில் போட வேண்டியதில்லை. பொறையாறிலும் மன்னம்பந்தலிலும் கல்லூரிகள் இருக்கின்றன. அந்த இரண்டு முனையிலும் சில கிலோமீட்டர் போட்டுப் பார்க்கட்டும்.

கோட்டை கட்டியவர்களைப் பாருங்கள்

டேனிஷ்காரர்கள் 1845-ல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அவர்களுடைய தலைநகரான கோபன்ஹேகனில் இன்று பெரிய சாலைகளின் ஓரத்தில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை இருக்கிறது. அவர்களுடைய இன்றைய அரசர் பத்தாம் பிரடெரிக். அவர் பட்டத்து இளவரசராக இருந்தபோது, தம் பிள்ளைகளைச் சைக்கிள் வண்டியில் உட்கார வைத்துத் தாமே மிதித்துக்கொண்டு போனார். ராஜ குடும்பத்துப் பிள்ளை அங்கே சைக்கிளில் பத்திரமாகப் போகிறது. நம் விவசாயி வீட்டுப் பிள்ளை தரங்கம்பாடியில் ஏன் போகக் கூடாது?

ரெயில் வருகிறபோது வரட்டும். மேளம் கொட்டி வரவேற்போம். ஆனால் அந்த டீக்கடை விவசாயியின் மகள் இப்போதே பதினோராம் வகுப்பில் இருக்கிறாள். இன்னும் இரண்டு வருஷத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துவிடுவாள். அவளுடைய சைக்கிள் வீட்டுத் திண்ணை ஓரத்தில் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதற்குள் ஒரு பாதை போட்டுக் கொடுங்கள்!