கரிச்சானுக்குக் குச்சி நட்டோம், கீரிக்கு?

இயற்கை வேளாண்மைக்கு வந்தவர்கள் பலர் முதலில் செய்வது பறவைத் தாங்கி நடுவதுதான். செலவே கிடையாது, நாலு கவட்டைக் குச்சி போதும். விடியும் முன்பே குரல் கொடுக்கிற ரெட்டைவால் கரிச்சான் அதில் வந்து உட்காரும். பறக்கிற அந்துப்பூச்சியைப் பாய்ந்து பிடித்துவிட்டுத் திரும்ப அதே குச்சிக்கே வரும். காக்கையோ பருந்தோ கூட்டுப் பக்கம் வந்தால் துரத்தித் துரத்திக் கொத்தும்.

கீரி என்றதும் நம்மாளுங்க மனசு மாறிடுது. கோழிக்குஞ்சைத் தூக்குதுன்னு கல்லெடுக்கிறோம். தூக்குது, மறுக்கல. அது பகலில் திரிகிற பிராணி. குஞ்சு பெருக்கும்வரை பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் பாதி வம்பு தீர்ந்தது. மற்றபடி அது தின்பது எலி, பாம்பு, ஓணான், வண்டு, வெட்டுக்கிளி. போதாக்குறைக்கு, ஓவியத் தூரிகைக்காக அதன் முடிக்கே கொல்கிறார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

ஒன்று சொல்லணும். 1872-இல் ஜமைக்கா கரும்புத் தோட்டத்தில் எலி பிடிக்க, நம்ம கீரியின் பங்காளியான சிறு கீரியைக் கல்கத்தாவிலிருந்து கப்பலேற்றினார்கள். 1883-இல் ஹவாய்க்கும் போனது. எலி ராத்திரி ஆள், கீரி பகல் ஆள். எலி ஒழியவில்லை, தரையில் முட்டையிடும் பறவைகள்தான் அடிபட்டன. கரிச்சானையும் 1935-இல் பூச்சி தின்ன தைவானிலிருந்து ரோட்டா தீவுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டுக்கும் சொந்த ஊர் இதுதான். கீரி மட்டுமே எலியை ஒழித்துவிடும் என்று நானும் சொல்லமாட்டேன். ஆந்தையும் சாரையும் கூட வேணும்.

வடசென்னையில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கரிச்சானுக்குக் கம்பி இருந்தால் போதும், எண்ணூர் அனல்மின் கம்பியிலும் உட்காரும். கீரிக்கு வளையும் புதரும் பனங்கரையும் வேணும். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து, கழிமுகத்தில் மண் கொட்டி மேடாக்கிய இடத்தில் அது எங்கே குடியிருக்கும்? எஞ்சியிருப்பது மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து வயல் வரப்புகள்தான். அங்கேயும் உப்புத் தண்ணி ஏறி, வயல் மனையாகிக்கிட்டு வருது.

சம்பா அறுத்து வரப்பு கழிக்கும்போது மூலையில் ஒரு சென்ட் புதரை விட்டுவையுங்க. எலிக்கு விஷம் வைக்காதீங்க. செத்த எலியைத் தின்னுட்டு கீரியும் போய்ச் சேரும்.