வெட்டாதே என்றால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

தமிழ்நாட்டின் மரம் பனை. 1978ஆம் ஆண்டிலேயே அரசு அவ்வாறு அறிவித்துவிட்டது. சேர மன்னர்கள் சூடிய பூ பனம்பூ. நன்றியின் அளவைச் சொல்ல வந்த வள்ளுவர் தினைக்கு எதிரே பனையைத்தான் நிறுத்தினார். ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த உ.வே.சா.வின் மூட்டையில் இருந்ததும் பனையின் ஓலையே. இவற்றையெல்லாம் நம் கல்லூரி மன்றக் கூட்டங்களில் பலமுறை கேட்டுவிட்டோம். கேட்டுக் கைதட்டிவிட்டு நாம் பேருந்து ஏறும் நேரத்தில், சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ஏதாவதொரு காட்டு வரப்பில் பனை வரிசையாய்ச் சாய்ந்துகொண்டிருக்கிறது. பனையின் பெருமையை எழுதத் தமிழ்த்துறை நண்பர்கள் என்னைவிடத் தகுதியானவர்கள். நான் எழுத வந்தது அதன் விலையைப் பற்றி.

நம் மாவட்டங்களின் நிலம் எப்படிப்பட்டது என்பது இங்கே படிக்கும் பெரும்பாலோருக்குத் தெரியும். காவிரிக் கரையில் ஜேடர்பாளையத்திலிருந்து ராஜவாய்க்கால் பாயும் பரமத்திவேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையுமாய்ப் பசுமையாக இருக்கும். அதைத் தாண்டினால் மேட்டாங்காடு. மழையை நம்பிய நிலக்கடலை, சோளம், கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் இருந்தால் மரவள்ளி. இந்தக் காடுகளின் வரப்புகளில் நம் பாட்டன்மார் பனங்கொட்டையை வரிசையாகப் போட்டார்கள். தண்ணீர் ஊற்றவில்லை, உரம் வைக்கவில்லை. அது எல்லைக் கல்லாகவும், மண் கரையாமல் வரப்பைப் பிடித்து நிறுத்தும் வேராகவும், காற்றுத் தடுப்பாகவும் நின்றது. சாளைக்கு ஓலையும், கட்டிலுக்கு நாரும், கூரைக்குச் சட்டமும் அதிலிருந்தே வந்தன. மட்டையில் தூக்கணாங்குருவி கூடு கட்டிற்று. பனை உழவாரன் என்றொரு சிறு பறவை உண்டு. பனையோலையின் அடிப்புறத்தில் எச்சிலால் பஞ்சை ஒட்டிக் கூடு வைக்கும். பனை போனால் அது வேறு எங்கே போகும் என்று நம் துறையில் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

மரம் வெட்டுவது புதிதல்ல. அந்தக் காலத்திலும் பனையை வெட்டினார்கள். ஆனால் எப்படி வெட்டினார்கள்? வீடு கட்டப்போகிறவன் நன்றாக வைரம் பாய்ந்த முதிர்ந்த மரமாய்ப் பார்த்து நான்கோ ஐந்தோ தேர்ந்தெடுப்பான். பனையின் வெளிப்புறம் இரும்பு போன்றது. இரண்டு பேர் கோடரியோடு நின்றால் ஒரு மரத்துக்கு அரைநாள் பிடிக்கும். கைவலி ஒரு கணக்குப்பிள்ளையைப் போல வேலை செய்தது. தேவைக்கு மேல் ஒரு மரத்தையும் வெட்ட விடவில்லை. 1926ல் ஆந்திரியாஸ் ஸ்டீல் என்ற ஜெர்மானியர் மின்சாரத்தால் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். 1929ல் பெட்ரோலால் ஓடுவதைச் செய்தார். முதலில் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பாரம். இன்று ஒருவர் ஒரு கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்கிறார். எங்கள் ஊரில் இதை மெஷின் ரம்பம் என்கிறார்கள். அறுபது ஆண்டு நின்ற பனைக்குச் சில நிமிடங்கள் போதும்.

மெஷினை மட்டும் குறை சொல்வது எனக்குச் சம்மதமில்லை. அதைப் பிடித்திருப்பவர் தலைக்கவசமோ கையுறையோ இல்லாமல் நாட்கூலிக்கு வேலை செய்கிறவர்; மரம் எந்தப் பக்கம் விழும் என்பதை அனுபவத்தால் மட்டும் அறிந்து நிற்கிறவர். அவருக்குப் பின்னால் ஒரு லாரி நிற்கிறது. அந்த லாரிதான் எத்தனை மரம் விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. செங்கல் சூளைக்குப் போகும் லாரி பாதி பாரத்தோடு போனால் டீசலுக்குக் கட்டாது. ஆகவே ஒரு வரப்பில் தொடங்கினால் அந்த வரிசை முழுவதும் போகிறது. இளமரம், முதிர்ந்த மரம், ஆண், பெண் என்ற பேதமெல்லாம் இல்லை. முன்பு வீட்டின் அளவுக்கு மரம் வெட்டினோம். இப்போது லாரியின் அளவுக்கு வெட்டுகிறோம். லாரிக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேனே என்று நண்பர்கள் கேலி செய்யலாம்.

இங்கே பாடப் புத்தகத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். வேம்பை அடியோடு வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து தளிர்க்கும். புளி தளிர்க்கும், வாகை தளிர்க்கும். பனை தளிர்க்காது. அது ஒருவித்திலைத் தாவரம். புல்லுக்கும் நெல்லுக்கும் உறவு. தண்டைப் பருக்கச் செய்யும் கேம்பியம் அதில் இல்லை, ஆண்டு வளையமும் இல்லை. உச்சியில் ஒரே ஒரு குருத்து. அந்தக் குருத்து போனால் மரம் போயிற்று. கொட்டை போட்டு மீண்டும் வளர்க்கலாமே என்றால், அது பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். சில மரங்கள் இருபதும் எடுக்கும். அதுவரை அது ஆணா பெண்ணா என்றுகூட வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. வேம்பு வெட்டப்படுவதையும் பனை வெட்டப்படுவதையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். செடியியல் படி இரண்டும் ஒன்றல்ல.

2018ல் சேலம்-சென்னை எட்டு வழிச் சாலைக்கு நிலம் அளந்து கல் நட்டபோது ஊர் திரண்டது, பத்திரிகைகள் எழுதின, வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. அரசு வெட்டினால் கேட்க ஆள் இருக்கிறது. சொந்தக்காரரே தம் வரப்பில் விற்றால் யார் கேட்பது? கேட்கத்தான் நமக்கு என்ன உரிமை?

எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் காட்டில் 18 பனைகள் நிற்கின்றன. பக்கத்தில் சித்தப்பா காட்டில் இன்னும் அதிகம் நின்றன. 2016, 2017 வறட்சியில் கிணறு வற்றி, ஆழ்குழாய் போட வாங்கிய கடன் முற்றியபோது, 2019ல் அவர் வரிசை முழுவதையும் சூளைக்குக் கொடுத்துவிட்டார். மரம் ஒன்றுக்கு 400 ரூபாய்கூடத் தேறவில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்த ஆண்டு அவருக்கு வேறு எதுவும் விளையவில்லை. அதன் பிறகும் தரகர் எங்கள் வீட்டுக்கு வருவதுண்டு. "ஏனுங்க, சும்மாதான நிக்குது, குடுத்தா புள்ளைக்குப் பீஸ் கட்டலாமுங்க" என்பார். புள்ளை என்பது நான். அப்பா சிரித்துக்கொண்டே, "நின்னா நிக்கட்டுமுங்க, அதுக்கென்ன சோறா போடறோம்" என்று அனுப்பிவிடுவார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஒவ்வொரு பருவக் கட்டணத்தின் போதும் அந்தப் பதினெட்டு மரங்களின் நினைவு எனக்கு வருகிறது. எங்கள் அப்பாவின் நல்ல மனத்தை மட்டும் நம்பி நிற்கும் மரங்கள் அவை. ஒரு நாட்டின் மாநில மரம் அப்படி நிற்கலாமா என்பதுதான் என் கேள்வி.

மரம் ஏன் சும்மா நிற்கிறது? ஏற ஆளில்லை. ஏன் ஆளில்லை? இதற்கு விடை நம் மாவட்டத்து வரலாற்றிலேயே இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் காங்கிரசின் கள் எதிர்ப்பு இயக்கத்தின்போது பெரியார் ஈ.வெ.ரா. தம் தோப்பில் 500க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டச் செய்தார். அந்தத் தோப்பு சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் இருந்தது என்று சொல்வார்கள். வருமானம் தந்த மரத்தைக் கொள்கைக்காக வெட்டியது அது. பின்னர் 1937 அக்டோபரில் ராஜாஜி சென்னை மாகாணத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது முதலில் தேர்ந்த மாவட்டம் சேலம். அன்றைக்கு நாமக்கல்லும் அதற்குள்தான். குடியால் கெட்ட குடும்பங்கள் அதனால் மூச்சு விட்டன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மரம் ஏறிப் பிழைத்தவர்களின் தொழில் மாகாணத்தில் வேறு எங்கும் முறிவதற்கு முன் இங்கே முறிந்தது. பிறகு சட்டம் பலமுறை மாறி, 1987ல் மாநிலம் முழுவதும் கள் நின்றது. பதநீர் இறக்கலாம், எங்கள் பக்கம் அதைத் தெளுவு என்போம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் புளிக்காது. அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஆனால் பாளையைச் சீவ ஒரு மரத்தில் நாளைக்கு இரண்டு வேளையாவது ஏறி இறங்க வேண்டும். உயிரைக் கையில் பிடித்துச் செய்யும் அந்த வேலைக்குச் சமுதாயம் கொடுத்த கூலி குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு. மகன் மரம் ஏற வேண்டாம் என்று எந்தத் தகப்பனும் நினைப்பான். கள் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கைப் பட்டிமன்றத்துக்கு விட்டுவிடுகிறேன். இடையில் மரம் விறகாகிறது என்பதே என் கவலை.

நிற்க. 2021 ஆகஸ்டில் வேளாண்மைக்கென்று முதன்முதலாகத் தனி வரவு செலவுத் திட்டம் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று அறிவித்தார்கள். 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் கொடுப்போம் என்றார்கள். மிக நல்லது. தடை இருப்பதால் தரகர் இப்போது பகலில் கொஞ்சம் தயங்குகிறார். ஆனால் இதை ஒரு விவசாயியின் கண்ணால் பாருங்கள். வரப்பில் வேப்பங்கன்று வைத்தால் அது வளர்ந்த பின் அவர் உடைமை. பனங்கொட்டை போட்டால், நாளை ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டிய மரம் வளர்கிறது. தடை மட்டும் இருந்து வருமானம் இல்லாவிட்டால், நிற்கிற மரம் தப்பலாம். முளைக்கிற கன்று தப்பாது. உழும்போது டிராக்டர் ஒரு முறை ஒதுங்கினால் போதும், ஒதுங்காவிட்டாலும் போதும், யாருக்கும் தெரியாது.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. பொருளாதாரத் துறை நண்பர் ஒருவர், "உனக்குப் பாசம், அவருக்குப் பாரம்" என்றார். வரப்போரம் பனை நின்றால் டிராக்டர் திரும்ப இடமில்லை. நிழல் விழும் இரண்டு சாலில் கடலை சரியாகப் பிடிப்பதில்லை. காய்ந்த மட்டை விழுந்தால் ஆபத்து. பங்கு பிரிக்கையில் மரம் யாருடையது என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை. எல்லாம் உண்மை. எங்கள் காட்டிலேயே பார்த்திருக்கிறேன். அதனால்தான் நான் பாசத்தை வாதமாக வைக்கவில்லை. மரத்தால் உண்டாகும் இடைஞ்சலைவிட மரத்தால் வரும் காசு அதிகமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

அது நடக்கக்கூடியதா? கம்போடியாவில் 2005ல் பனையை நாட்டு மரமாக அறிவித்தார்கள். நம்மைப் போலவே பட்டம் கொடுத்ததோடு நிற்கவில்லை. கம்போங் ஸ்பூ என்ற மாகாணத்தின் பனைச் சர்க்கரைக்கு 2010ல் புவிசார் குறியீடு வாங்கி, அந்தப் பெயரில் வெளிநாட்டுக்கு விற்கிறார்கள். அங்கே நெல் வயல் வரப்புகளில் பனை வரிசை நிற்பதைப் படத்தில் பார்த்தால் நம் ஊர் போலவே இருக்கிறது. இலங்கையில், நாம் மாநில மரம் என்று அறிவித்த அதே 1978ல், பனை அபிவிருத்திச் சபை ஒன்றை அமைத்தார்கள். போர்க் காலத்தில் பதுங்கு குழிகளுக்கும் காவலரண்களுக்குமாக யாழ்ப்பாணத்தில் ஏராளமான பனைகள் வெட்டப்பட்டன. தலையிழந்த பனைகளின் படங்களை நாமும் பார்த்திருக்கிறோம். நம் நாட்டிலும் உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடன்குடி தெற்கே தூத்துக்குடிச் சீமை. அங்கே மரம் ஏறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வாங்கும் வியாபாரியும் இருக்கிறார். இங்கே இரண்டும் இல்லை. நம் சந்தையில் கருப்பட்டி என்று விற்பதில் எவ்வளவு கருப்பட்டி, எவ்வளவு சர்க்கரை என்பது நாக்குக்குத் தெரியும்.

ஆகவே எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மரம் ஏறுபவருக்கு நல்ல கூலியும், விழுந்தால் குடும்பத்தைக் காக்கும் காப்பீடும், ஏறுவதற்குப் பாதுகாப்பான கருவியும் வேண்டும். தெளுவை ஊரிலேயே வாங்கிக் காய்ச்சும் கூட்டுறவு வேண்டும். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. நம் பக்கத்தில் அவற்றுக்கு உயிர் கொடுக்க வேண்டும். வரப்பில் பனையை நிறுத்தி வைத்திருக்கும் விவசாயிக்கு மரத்துக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை கொடுத்தால், தரகருக்கு அப்பா சொல்லும் பதிலில் இன்னும் கொஞ்சம் உறுதி கூடும். விதை கொடுப்பதற்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கை நிற்கும் மரத்துக்குத் திருப்பினால் என்ன குறைந்துவிடும்?

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஏரிக்கரையில் பனங்கொட்டை நட்டோம். எத்தனை கொட்டை என்று அறிக்கையில் எழுதினோம், படமும் எடுத்தோம். அடுத்த முறை ஏரியைத் தூர் வாரும் எந்திரம் கரையை வழித்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்று யாரும் எழுதவில்லை. அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு கூட இன்னொரு வேலையையும் சேர்க்கச் சொல்கிறேன். வரும் முகாமில் ஐந்து கிராமங்களை எடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்து நிற்கும் பனைகளை எண்ணுவோம். ஆண் எத்தனை, பெண் எத்தனை, இளமரம் எத்தனை, கடைசியாக ஏறியது எந்த ஆண்டு, அந்த ஊரில் மரம் ஏறத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று எழுதுவோம். தாவரவியல் துறை மரத்தைப் பார்க்கட்டும், பொருளாதாரத் துறை கூலியையும் விலையையும் பார்க்கட்டும், வரலாற்றுத் துறை முதியவர்களிடம் 1937க்குப் பிந்தைய கதையைக் கேட்கட்டும். நோட்டு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் எங்கள் காட்டை எழுதியாயிற்று: ஆண் 11, பெண் 7, கடைசியாக ஏறியது என் அப்பாருவின் காலத்தில். வர விரும்பும் நண்பர்கள் எங்கள் துறையில் பெயர் கொடுக்கலாம். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கும். செருப்பு கெட்டியானதாகப் போட்டு வாருங்கள், வரப்பெல்லாம் கருக்கு கிடக்கும்.