ஊருக்குப் போகுமுன் பம்பைக் கழற்றிப் பாருங்கள்



ஜூன் பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. திருச்சிக்கோ மதுரைக்கோ டிக்கெட் எடுத்தவர்கள் தேக்காவில் பை பையாக வாங்கிக் குவித்துக்கொண்டிருப்பீர்கள். இந்த நேரத்தில், கூடத்தில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கும் செம்பவாங் வாசகர்கள் சிலர் ஒரே கவலையைச் சொல்கிறார்கள்: "வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் பம்ப் தாங்குமா? தண்ணீர் சூடாகிவிடாதா?" இந்த மாதப் பக்கம் அவர்களுக்கு.

பம்ப் பழுதும் தண்ணீர்ச் சூடும் தனித்தனித் தொல்லைகள் அல்ல. பம்ப் திடீரென்று நிற்பது குறைவு. முதலில் அது களைக்கிறது. கடல்நீரில் உள்ள சுண்ணாம்பு, சுழலும் இம்பெல்லரில் வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும். பாசியும் குட்டி நத்தையும் உறிஞ்சுவாயை அடைக்கும். நீரோட்டம் மெலிந்தால், தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வழியே போகும் தண்ணீரும் குறையும்; தொட்டி குளிராது. மூழ்கியிருக்கும் பம்ப் தின்னும் மின்சாரமோ ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகி அதே தண்ணீரில்தான் சேர்கிறது.

சூடேறும்போது ஆக்சிஜன் குறைகிறது. 25 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; கடல்நீரில் சுமார் 6.7 தான். 30 டிகிரியில் அது 6.2 ஆக இறங்கும். மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டிய நேரத்தில் கையிருப்பு குறைகிறது. பவளமோ சூட்டை இன்னும் குறைவாகவே தாங்கும். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றிய கடலிலேயே பவளங்கள் வெளுத்தன. பரந்த கடலுக்கே அந்தக் கதி என்றால், இருநூறு லிட்டர் தொட்டி எம்மாத்திரம்? 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. அப்படியொரு நாளில் சன்னல்கள் சாத்திய வீவக வீட்டின் கூடம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

"இங்கே கரண்ட் போவதே இல்லையே" என்பீர்கள். பெரும்பாலும் உண்மை. ஆனாலும் 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் தீவின் பல பகுதிகளில் ஏறத்தாழ 1,47,000 இணைப்புகள் இருளில் மூழ்கின. 38 நிமிடங்களில் எல்லாம் சரியாயிற்று. அந்த அரை மணி நேரத்தை மீன்கள் தாங்கும். நாம் அஞ்ச வேண்டியது வீட்டுக்குள் டிரிப் ஆகும் சுவிட்சை. உப்புப் படிந்த பிளக் ஒன்று போதும், வீடு முழுக்க மின்சாரம் நின்றுவிடும். ஆளில்லாத வீட்டில் சுவிட்சை ஏற்றிவிட யார் இருக்கிறார்கள்?

பம்ப் நிற்காமல் பார்த்துக்கொள்வதற்கான பாடம் செம்பவாங்கிலேயே இருக்கிறது. 1938இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளத்திலும், 1968இல் அங்கே உருவான கப்பல் பட்டறையிலும் தமிழர்களும் மலையாளிகளும் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். கப்பல் இயந்திரத்தின் வெப்பத்தைக் கொண்டுபோவது கடல்நீர். அதை இறைக்கும் பம்புக்குத் துணையாக இன்னொரு பம்ப் எப்போதும் தயாராக நிற்கும். பம்பின் சல்லடையை, அது அடைபட்ட பிறகு சுத்தம் செய்வதில்லை. முறை வைத்துச் செய்வார்கள். கெடுவதற்கு முன் கழற்று, கெட்டால் மாற்ற ஒன்று வை. தொட்டிக்கும் இவ்வளவுதான் சூத்திரம்.

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தொடங்குங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பம்பைக் கழற்றி, தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். காந்தத்தில் விரிசலோ துருவோ தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். மாட்டியபின் குழாயிலிருந்து ஒரு லிட்டர் குவளை நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துவையுங்கள். மாதாமாதம் பார்த்தால், அந்த எண் ஏறுவதே பம்ப் தளர்வதன் முதல் அறிகுறி.

கீழ்த்தொட்டி உள்ளவர்கள் கவனிக்க: தண்ணீர் ஆவியாவது பம்ப் நிற்கும் அறையில்தான் முதலில் தெரியும். மட்டம் இறங்கினால் பம்ப் காற்றை இழுத்துச் சூடாகிக் கருகும். உப்பு ஆவியாவதில்லை, ஆகவே இறங்கிய அளவுக்கு உப்பில்லாத தண்ணீரையே ஊற்ற வேண்டும். தானாக நிரப்பும் கருவி இருந்தால் நல்லது. சிறு விசிறியும் உதவும்: இருநூறு லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் மூன்று டிகிரி வெப்பத்தை அது கொண்டுபோகிறது. நம் ஈரக்காற்றில் ஆவியாவது மெதுவாகத்தான் என்பதால் விசிறியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சில்லரை அலமாரிக்குள் அடைக்காதீர்கள். தான் கக்கும் அனலையே அது திரும்ப இழுக்கும். அதன் தூசி வடிகட்டியையும் அலசிவிடுங்கள்.

ஒரே பெரிய பம்புக்குப் பதில் இரண்டு சிறியவை இருந்தால் ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். மின்சாரம் போனதும் தானாக இயங்கும் பேட்டரி காற்றுப் பம்ப் ஒன்றும் வாங்கிவையுங்கள். வயர்கள் பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கட்டும். வழியும் நீர் தரையில் சொட்டும், பிளக்குக்குள் போகாது.

கடைசியாக, அண்டை வீட்டார். சாவியோடு சேர்த்து, தீவனத்தை நாளுக்கு ஒரு பொட்டலமாக மடித்துக் கொடுங்கள். அன்பு மிகுந்தால் கை தாராளமாகிவிடும், மிஞ்சிய தீவனம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். டிரிப் ஆனால் ஏற்ற வேண்டிய சுவிட்ச் எது, மாற்றுப் பம்ப் எங்கே என்று எழுதி ஒட்டுங்கள். புறப்படுவதற்கு முன் ஒருமுறை அவர்களையே செய்ய வைத்துப் பாருங்கள்.

நீங்கள் கடைப்பிடிக்கும் வழிகளையும் எழுதி அனுப்புங்கள். ஜூலை இதழில் வாசகர் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். பயணம் இனிதாக அமையட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்