முதலில் பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள்

மெல்பர்னில் வீட்டிலேயே பீர் தயாரிக்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கடைகள் ஒரு தொடக்கப் பெட்டி விற்கின்றன. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி, அதற்கொரு குழாய், வெப்பமானி, 1.7 கிலோ மால்ட் பாகு டின், ஈஸ்ட் பொட்டலம். சில பெட்டிகளில் கூடவே இரண்டு கைப்பிடி வைத்த ஒரு கேப்பரும் இருக்கும், அதாவது பாட்டிலுக்குத் தகர மூடி அடிக்கிற கருவி. ஈஸ்ட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசும் கடைக்காரர் கேப்பரைப் பற்றி வாயே திறப்பதில்லை. எந்தப் பாட்டிலுக்கு அது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று நான் பார்த்த எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை. எழுதியே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

நான் டிராம் பட்டறையில் ஃபிட்டர். அழுத்தி இறுக்குகிற கருவி எதைப் பார்த்தாலும், விசை எங்கே போய் உட்காருகிறது என்றுதான் என் கண் முதலில் தேடும். இரட்டைக் கைப்பிடிக் கேப்பரில் அது பாட்டிலின் கழுத்தில் உட்காருகிறது. வாய்க்குச் சற்றுக் கீழே கண்ணாடி ஒரு வளையமாகத் தடித்திருக்கும் அல்லவா, அதற்கு அடியில் கருவியின் இரண்டு தாடைகளும் கவ்விக்கொள்ளும். கைப்பிடிகளை அமுக்க அமுக்க, கழுத்து மேலே இழுபட்டு, மூடியோடு ஒரு கிண்ணத்துக்குள் நுழையும். மூடியின் 21 பற்களும் உதட்டைச் சுற்றி மடங்கும். வளையம் சரியான உயரத்தில், போதிய தடிப்பில் இருந்தால் நொடியில் வேலை முடிந்துவிடும். மெலிந்த வளையம் என்றால் தாடை நழுவும், மூடி கோணிக்கொள்ளும், சில சமயம் கழுத்தே விண்டு கையோடு வரும்.

பெஞ்ச் கேப்பர் வேறு ரகம். நிமிர்ந்த தூண், அடியில் தட்டு, மேலே ஒற்றைக் கைப்பிடி. விசை மேலிருந்து நேராகப் பாட்டிலின் உடல் வழியாகத் தட்டுக்கு இறங்கிவிடும். கழுத்து வளையம் எப்படி இருந்தால் அதற்கென்ன? நம் ஊரில் பன்னீர் சோடாவும் கலரும் அடைக்கிற சின்னக் கம்பெனிகளில் கையால் இழுத்து மூடி அடிக்கும் மெஷினைப் பார்த்திருப்பவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. (அதற்காகத் தமிழ்நாட்டில் யாரும் வாளி வாங்கிவிட வேண்டாம். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. இங்கே ஆஸ்திரேலியாவில் 1970களின் தொடக்கத்தில் பிரதமர் விட்லமின் அரசு வீட்டில் பீர் தயாரிக்க வழிவிட்டது. சொந்தக் குடிக்கு மட்டும்தான். விற்கக் கூடாது, உரிமம் இல்லாமல் காய்ச்சி வடிக்கவும் கூடாது.)

மூடி அப்படி என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு ஆறிலிருந்து எட்டு கிராம் சர்க்கரை சேர்க்கிறோம். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயு விடுகிறது. அந்த வாயுதான் நுரை. சாதாரண அறை வெப்பத்தில் பாட்டிலுக்குள் ஏறும் அழுத்தம், கார் டயரில் அடிக்கிற காற்றைவிடக் கொஞ்சம்தான் குறைவு. வாரக்கணக்கில் அதைத் தாங்கிப் பிடிப்பது ஒரு தகர வட்டும் அதன் உள்ளே ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக்கும். பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை வாங்கிய மூடியில் 24 பற்களும் உள்ளே தக்கையும் இருந்தன. இத்தனை காலத்தில் மாறியது அவ்வளவுதான்.

மூடி சரியில்லாததால் பாட்டில் வெடித்தது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சரியில்லாத மூடி கசியும், பீர் சப்பென்று போகும். வெடிப்பதற்கு நன்றாக இறுகிய மூடிதான் வேண்டும்! வெடித்தால் பெரும்பாலும் நொதித்தல் முடியும் முன்பே அடைத்திருப்பார்கள், அல்லது சர்க்கரையை அள்ளிப் போட்டிருப்பார்கள்.

கேப்பர் வாங்குவதில் நான் கேட்டு நடப்பது பீர்க்காரர்கள் சொல்வதை அல்ல, தக்காளிக்காரர்கள் சொல்வதை. மெல்பர்னின் வடக்குப் புறநகர்களில் இத்தாலியக் குடும்பங்கள் ஏராளம். கோடை முடிகிற பிப்ரவரி வாக்கில் அவர்கள் வீட்டுக் கராஜ்களில் பெட்டி பெட்டியாகத் தக்காளி இறங்கும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மருமக்கள் எல்லாரும் கூடி, அரைத்து, வடிகட்டி, வருஷத்துக்கான சாஸைப் பாட்டிலில் அடைப்பார்கள். பல வீடுகளில் அந்தப் பாட்டில் 750 மில்லி பழைய பீர் பாட்டில்தான், மூடியும் அதே 26 மில்லிமீட்டர் தகர மூடிதான். அடைத்ததையெல்லாம் டிரம்மில் அடுக்கி வேகவைப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டு நோனா, அதாவது இத்தாலியப் பாட்டி, கலாப்ரியாக்காரர், எண்பதைத் தாண்டியவர். அவர் கராஜில் மரப்பலகையில் போல்ட் போட்டு நிறுத்திய பெஞ்ச் கேப்பர் ஒன்று இருக்கிறது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் அடிக்கிற வேலை அதற்கு. இரட்டைக் கைப்பிடிக் கருவியை நான் காட்டியபோது அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதற்கு இரண்டு கை வேண்டும், பாட்டிலை யார் பிடிப்பது?” என்று கேட்டார். என் மனைவி அன்றிலிருந்து அவர் கட்சி.

அந்தக் கேள்வி சின்னதல்ல. வழக்கமான ஒரு தயாரிப்பு 23 லிட்டர். 750 மில்லியில் அடைத்தால் முப்பது மூடி, ஸ்டபி என்கிற 375 மில்லி குட்டைப் பாட்டிலில் அடைத்தால் அறுபது. அறுபது முறை இரண்டு தோளும் சேர்ந்து அமுக்க வேண்டும், பாட்டிலும் சாயக் கூடாது. பெஞ்ச் கேப்பரில் ஒரு கை பாட்டிலைப் பிடிக்க, ஒரு கை இழுக்கும்.

பாட்டில் கிடைக்கும் நிலவரமும் மாறிவிட்டது. 2023 நவம்பரிலிருந்து விக்டோரியாவில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 சென்ட் கிடைக்கிறது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன்பு ஒரே ரகப் பாட்டிலைப் பெட்டியோடு தந்த வீடுகள் இப்போது அதை மையத்துக்குக் கொண்டுபோகின்றன. புதிதாகத் தொடங்குகிறவருக்கு வாய்ப்பது அங்கொன்றும் இங்கொன்றுமான பாட்டில்கள், கழுத்துக்குக் கழுத்து வித்தியாசம். இரட்டைக் கைப்பிடி திணறுவது இங்கேதான். பெஞ்ச் கேப்பருக்கும் ஒரு தொல்லை உண்டு: பாட்டில் உயரம் மாறும்போதெல்லாம் தலையை ஏற்றி இறக்க வேண்டும். உயரவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டு அடித்தால் தீர்ந்தது. ஐரோப்பிய ஷாம்பெயின் பாட்டில்களுக்குப் பெரும்பாலும் 29 மில்லிமீட்டர் மூடி, கிண்ணத்தையே மாற்ற வேண்டும். திருகித் திறக்கிற பாட்டிலுக்கும் தகர மூடி அடிக்கலாம் என்பார்கள். அதன் உதட்டில் கண்ணாடி மெலிவு, நான் தொடுவதில்லை.

மிக மலிவானது சுத்தியலால் தட்டி இறக்குகிற கேப்பர். அதைக் கடைகள் விற்பதையே நிறுத்த வேண்டும். கண்ணாடியின் மேல் சுத்தியலா?

சிறிய அடுக்ககத்தில், கருவியை நிறுத்த இடமில்லாமல், ஒரே ரகப் பாட்டிலை மட்டும் பயன்படுத்துகிறவருக்கு இரட்டைக் கைப்பிடி போதும், நன்றாகவே உழைக்கும். திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில்களோடு வரும் பெட்டியை வாங்கியவருக்குக் கேப்பரே வேண்டாம். மாதக்கணக்கில் வைத்திருக்க நினைத்தால்தான் சிக்கல், பிளாஸ்டிக் வழியாக வாயு மெல்ல மெல்லக் கசியும்.

மற்றவர்கள் புதிதாக வாங்குமுன் சனிக்கிழமைக் காலைகளில் வடக்குப் புறநகர்களின் கராஜ் விற்பனைகளைச் சுற்றிப் பாருங்கள். தக்காளி வேலையைப் பிள்ளைகள் தொடராத வீடுகளிலிருந்து உறுதியான பெஞ்ச் கேப்பர்கள் வெளியே வருகின்றன. போகும்போது உங்கள் காலி பாட்டில் ஒன்றையும் நாலு மூடியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மூடி அடித்த பிறகு அதை விரலால் திருகிப் பாருங்கள், சுழலக் கூடாது. அடுத்து, பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, மூடி அடித்து, கவிழ்த்துக் குலுக்குங்கள். மூடியின் நடுவில் சின்னக் குழி விழுந்தால் பரவாயில்லை. கிண்ணத்தின் விளிம்பு தேய்ந்திருந்தாலோ தூண் பக்கவாட்டில் ஆடினாலோ விட்டுவிடுங்கள். வெறும் துரு என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.