இளந்தோள்களில் ஏறிய சுமை

2018 முதல் ஸ்வராஜ் தீவு எனப்படும் ஹேவ்லாக்கில் ஒரு தாய் கடும் நோயுற்றால், பெரிய மருத்துவத்திற்குக் கடல் கடந்து ஜி. பி. பந்த் மருத்துவமனைக்கே செல்லவேண்டும். தந்தையோ கூலிக்குப் போகவேண்டியவர். பாட்டியும் சித்தியும் தாயகத்தில். ஆகவே கஞ்சி காய்ச்சுவதும், மருந்து கொடுப்பதும், தம்பியைக் குளிப்பாட்டுவதும் மூத்த பிள்ளையின் கடமையாகின்றன. "பொறுப்பான பெண்" என்று ஊரார் புகழ்வர். பள்ளியின் வருகைப் பதிவேடு வேறு கதை சொல்லும்.

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய சிறார் தம் தேவைகளை உள்ளாட்சி மன்றம் ஆராயவேண்டுமெனக் கேட்கும் உரிமையைத் தந்தது. நம் நாட்டில் அவர்களுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஆயினும், நோயால் செயலிழந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு, வருமான வரம்புக்குட்பட்டு, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் பெற வழியுண்டு. மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். 1098 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாதார்க்கு எழுதிக் கொடுப்பது நம் கடமை.

உதவி வந்துசேரும் வரை? அன்பர்களே, அண்டையிலுள்ள 5 வீட்டார் முறைவைத்து, ஆளுக்கொரு நாள் நோயாளியருகே இருப்போமாயின், அப்பிள்ளை வாரம் முழுதும் பள்ளி செல்லும். பொங்கலன்று கூடுவது மட்டுமா சங்கம்?